எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு விடுதி விடுதியாக: முதன்முறை செல்வோருக்கான நடைவழிகாட்டி

நேபாளத்தின் கும்பு பள்ளத்தாக்கில், லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை செல்லும் பாதையில் நடப்பவர் கூடாரமோ சமையல் பாத்திரமோ சுமக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று மணி நேர நடைக்குள் ஓர் ஊர் வந்துவிடும்; அந்த ஊரில் ஷெர்பா குடும்பங்கள் நடத்தும் விடுதிகள் இருக்கும்; அங்கே கட்டிலும் சூடான உணவும் கிடைக்கும். வழக்கமான பருவத்தில் கயிறு, பனிக்கோடரி போன்ற கருவிகளுக்கும் வேலை இல்லை. ஆகவே உயர்ந்த மலைகளில் பல நாள் நடந்து பழகாத ஒருவர் தொடங்குவதற்கு இது தகுந்த பாதைதான். ஆனால் இந்தப் பாதையில் ஒருவரைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் செங்குத்தும் தூரமும் இல்லை, உயரம். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். நடை தொடங்கும் லுக்லாவே 2,860 மீட்டரில் இருக்கிறது. தென்னிந்தியாவை விட்டு வெளியே மலையேறாத ஒருவர், விமானத்தை விட்டு இறங்கிய நிமிடத்திலேயே தன் உடல் இதுவரை அறியாத உயரத்தில் நிற்கிறார்.

தூங்கும் உயரமே திட்டத்தின் அடிப்படை

காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் மலையுச்சியிலும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குள் போகும் ஆக்சிஜனின் அளவு குறைகிறது. 5,364 மீட்டர் உயரத்திலுள்ள அடிவார முகாமில் அது கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதி. உடல் இதற்கு ஈடுகொடுக்க முதலில் வேகமாக மூச்சுவிடுகிறது. அதனால் இரத்தத்தில் குலையும் கார அமிலச் சமநிலையைச் சிறுநீரகங்கள் சில நாள்களில் சரிசெய்கின்றன. சிவப்பணுக்கள் பெருகுவதற்கு வாரங்கள் ஆகும். இந்த வேலைகளில் எதையும் மனவுறுதியாலோ உடற்பயிற்சியாலோ விரைவுபடுத்த முடியாது. மாரத்தான் ஓடும் இளைஞர் பாதையின் நடுவேயுள்ள நாம்சே ஊரில் தலைவலியோடு படுத்திருக்க, மெதுவாக நடந்துவரும் அறுபது வயதுப் பெண்மணி நலமாக மேலே போய்விடுவது இதனால்தான் நடக்கிறது.

மலை மருத்துவர்கள் பரிந்துரைக்கும் விதி எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேலே சென்றபின், ஓர் இரவு தூங்கிய உயரத்துக்கும் மறு இரவு தூங்கும் உயரத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கலாகாது. மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினாலும், இறங்கி வந்து தாழ்ந்த இடத்தில் உறங்கலாம். பயண நிறுவனம் தரும் நாள்வாரித் திட்டத்தைக் கையில் வாங்கியதும், ஊர்ப்பெயர்களுக்கு அருகே இரவு உயரங்களை எழுதிக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். விலையைக் குறைப்பதற்காக நாள்களைச் சுருக்கிய திட்டங்கள் இந்தக் கணக்கில் உடனே வெளிப்பட்டுவிடும்.

கடல்மட்டத்திலிருந்து வருவோருக்கு நான் பரிந்துரைக்கும் இரவுகள் இவை: முதல் இரவு பாக்டிங் (2,610 மீட்டர்), அடுத்த இரண்டு இரவுகள் நாம்சே பசார் (3,440), பின்பு தெங்போச்சே (3,860), பாங்போச்சே (3,930), இரண்டு இரவுகள் திங்போச்சே (4,410), அதன்பின் லோபுச்சே (4,940), கோரக்ஷெப் (5,164). இறங்கும்போது பெரிச்சே (4,240), நாம்சே, லுக்லா. மொத்தம் பன்னிரண்டு இரவுகள். இதில் பாங்போச்சேயில் கழிக்கும் இரவைப் பெரும்பாலான திட்டங்களில் காண முடியாது. தெங்போச்சேயிலிருந்து நேராகத் திங்போச்சேக்கு ஏற்றிவிடுவார்கள். அது ஒரே நாளில் 550 மீட்டர் ஏற்றம். நடுவில் ஓர் இரவைச் சேர்த்தால் அந்தத் தாவல் 480 மீட்டராகக் குறைவதோடு, உடலுக்கு ஒரு குறுகிய நடைநாளும் கிடைக்கிறது. திங்போச்சேயிலிருந்து லோபுச்சேக்குப் போவது விதியைச் சற்றே மீறுகிறது என்பதையும் கவனியுங்கள். அன்று உடல்நிலை சரியில்லை என்றால் இடையிலுள்ள துக்லாவில் (4,620) தங்கிவிடலாம். பாக்டிங்கிலிருந்து நாம்சேக்கு ஏறும் 830 மீட்டரும் பெரிய தாவல்தான். நாம்சேயில் இரண்டாவது இரவைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளச் சொல்வது அதற்காகவே.

காலமும் விமானமும்

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரையும் நடைக்கு ஏற்ற பருவங்கள். அக்டோபரில் வானம் மிகத் தெளிவாக இருக்கும், விடுதிகளில் கூட்டமும் மிகும். வசந்தத்தில் பாதையோரக் காடுகளில் ரோடோடென்ட்ரான் மரங்கள் பூத்திருக்கும், எவரெஸ்ட் ஏறுவோரின் கூடாரங்களை அடிவார முகாமில் பார்க்கலாம். ஆனால் பிற்பகலில் மேகம் சூழ்வது அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம்; புதியவர்கள் தவிர்த்துவிட வேண்டும்.

லுக்லாவின் டென்சிங் ஹிலாரி விமான நிலையத்தின் ஓடுபாதை 527 மீட்டர் நீளமே உடையது. மலைச்சரிவில் சாய்வாக அமைந்திருக்கிறது. சிறிய விமானங்கள் மட்டுமே இறங்கும். விமானி கண்ணால் பார்த்தே இறக்க வேண்டும் என்பதால், மேகம் வந்தால் அன்றைய பறப்பு நின்றுவிடும். காலை நேரமே நம்பகமானது. கூட்டம் மிகுந்த மாதங்களில் விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து புறப்படாமல், பல மணி நேரச் சாலைப்பயணத்தில் உள்ள ராமேச்சாப் மாவட்டத்தின் மந்தலி விமான நிலையத்திலிருந்து புறப்படுவது வழக்கமாகியிருக்கிறது. அப்போது காத்மாண்டுவை விட்டு நள்ளிரவுக்குப் பின் வண்டியேற நேரும். சீட்டு வாங்கும்போதே எங்கிருந்து விமானம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் பன்னாட்டு விமானத்துக்கும் லுக்லா விமானத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு நாள்கள் வெறுமையாக இருக்கட்டும். அந்த இரண்டு நாள் இல்லாதவர்கள் மலைமேல் இருக்கும்போதே நாள்காட்டியைப் பார்த்து ஓய்வு இரவுகளை வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கிருந்துதான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

அனுமதி, பணம், காப்பீடு

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை. விமானத்தில் செல்வோர் கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ காட்ட வேண்டும். நடைப்பாதையில் இரண்டு அனுமதிகள் வேண்டும். ஒன்று, கும்பு பாசாங் லாமு ஊரக நகராட்சியின் நுழைவுச்சீட்டு. அதை லுக்லாவிலேயே பெறலாம். மற்றது, மோஞ்ஜோ ஊரின் எல்லையில் உள்ள சாகர்மாதா தேசியப் பூங்காவின் சீட்டு. பூங்காக் கட்டணம் இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டினருக்கு 1,500 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டினருக்கு 3,000; இவற்றோடு 13 விழுக்காடு வரி சேரும். குறைந்த கட்டணத்தைப் பெறக் குடியுரிமைச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நெடுங்காலமாக மாறாத மதிப்பு. தேவையான பணத்தைக் காத்மாண்டுவிலேயே நேபாள நோட்டுகளாக மாற்றிக்கொள்ளுங்கள். நாம்சேயில் பணம் எடுக்கும் இயந்திரம் உண்டு என்றாலும், அதற்கு மேலே எதையும் நம்பிப் போகக் கூடாது. உயரம் கூடக் கூட விலையும் கூடும். அரிசியும் எரிவாயுவும் மனிதர் முதுகிலும் விலங்குகள் முதுகிலும் ஏறி வருகின்றன என்பதை நினைவில் வைத்தால், பேரம் பேசத் தோன்றாது.

காப்பீட்டை இறுதி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடக்கும் நடை சேராது. 6,000 மீட்டர் வரையிலான நடையும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்கும் என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மீட்புக்கு முன் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டுமா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நேபாளத்தில் தேவையற்ற ஹெலிகாப்டர் மீட்புகளைக் காட்டிக் காப்பீட்டுப் பணம் பறிக்கும் மோசடி நடந்து, 2018ஆம் ஆண்டில் அரசே விசாரணை நடத்தியது. இலேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரில் இறங்கிவிடுமாறு யாரேனும் வற்புறுத்தினால், ஓர் ஊர் கீழே நடந்து இறங்கிப் பார்க்கலாமா என்று முதலில் கேளுங்கள்.

வெளிநாட்டு நடையாளர்கள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் செல்ல வேண்டும் என்று நேபாளம் 2023 ஏப்ரலில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. கும்புவின் உள்ளாட்சி அதை அப்படியே பின்பற்றவில்லை. விதி எப்படியிருந்தாலும், முதன்முறை செல்பவர் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வதே நல்லது. பாதை தெளிவானது, தொலைந்துபோவது கடினம். ஆனால் உங்கள் பேச்சும் நடையும் மாறுவதை உங்களுக்கு முன் கவனிக்கும் ஒரு கண் உடன் இருக்க வேண்டும். சுமைதூக்குபவரை அமர்த்தினால், அவர் சுமக்கும் இரு நடையாளர்களின் பைகளும் சேர்ந்து 20 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குக் காப்பீடு, குளிருக்கான உடை, நல்ல காலணி, இரவு தங்க இடம் ஆகியவை இருக்கின்றனவா என்று புறப்படும் முன்பே கேட்பது, அவரை அமர்த்தும் உங்கள் கடமை. பல சுமைதூக்குபவர்கள் தாழ்ந்த பகுதிகளிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள். உயர நோய் அவர்களையும் தாக்கும். வேலை போய்விடுமே என்ற அச்சத்தில் அவர்கள் அதைச் சொல்லாமல் மறைக்கக்கூடும்.

உடலைத் தயார்செய்தல்

மூன்று மாதங்கள் போதும். வாரத்தில் நான்கு நாள் ஒரு மணி நேர வேகநடை. அதில் இரண்டு நாள் ஆறேழு கிலோ சுமையோடு படியேற்றம். மாடிப்படிகளும் குன்றுக் கோயில் படிகளும் இதற்குப் போதுமானவை. ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால்கள் வாங்கிக்கொள்கின்றன; ஆகவே படியேறிவிட்டு மின்தூக்கியில் இறங்காதீர்கள். கடைசி மாதத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள்கள் ஐந்தாறு மணி நேரம் நடந்து பாருங்கள். பிப்ரவரி முதல் மே வரை திறந்திருக்கும் வெள்ளியங்கிரி ஏற்றம் கால்களுக்கு நல்ல தேர்வு. அங்கே கல்லும் மண்ணும் செங்குத்துமாக வரும் வழி, நாம்சே ஏற்றத்தை ஓரளவு உணர்த்திவிடும். இருதயம், நுரையீரல், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு மருந்து எடுப்போரும், கருவுற்றிருப்போரும் மருத்துவரைக் கேட்காமல் சீட்டு வாங்கக் கூடாது.

பை

லுக்லா விமானத்தில் பெரும்பாலும் மொத்தம் 15 கிலோ மட்டுமே அனுமதிப்பார்கள். அந்த வரம்பு நன்மையே செய்கிறது. உடையை அடுக்குகளாக எண்ணுங்கள்: வியர்வையை உறிஞ்சி விரைவில் உலரும் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் என்னும் மென்மையான செயற்கைத் துணிச் சட்டை, அதன்மேல் இறகு அடைத்த தடித்த மேலங்கி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய அங்கி. பருத்தி உடை வியர்வையில் நனைந்தால் உலராது, உடல் சூட்டைத் திருடிவிடும். ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கணுக்காலை மூடும் காலணியை இரண்டு மாதம் முன்பே வாங்கி அணிந்து பழக்குங்கள். மேல் விடுதிகளில் இரவு வெப்பநிலை உறைநிலைக்கு மிகவும் கீழே போகும். கம்பளிப் போர்வை தருவார்கள், அது மட்டும் போதாது. உறைநிலைக்கு 10 முதல் 15 டிகிரி கீழே தாங்கும் உறங்குபையைக் காத்மாண்டுவின் தமேல் கடைகளில் வாடகைக்கு எடுக்கலாம். நடைக்கோல்களும் அங்கேயே கிடைக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, வெயில் களிம்பு, நெற்றி விளக்கு, பவர் பேங்க், தண்ணீரைத் தூய்மையாக்கும் குளோரின் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், வயிற்றுப்போக்குக்கான மருந்து ஆகியவையும் தேவை. பவர் பேங்கையும் தொலைபேசியையும் இரவில் உறங்குபைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் மின்கலம் தானாகவே வடிந்துவிடும்.

விடுதியில்

அறைகள் மெல்லிய பலகைச் சுவர் கொண்டவை. இரண்டு கட்டில், ஒரு விளக்கு, அவ்வளவுதான். அறையில் வெப்பமூட்டி இருக்காது. சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே இருக்கும் இரும்பு அடுப்பை மாலையில் மூட்டுவார்கள். மரம் வளரும் எல்லையைத் தாண்டிய ஊர்களில் அதில் எரிவது யாக் என்னும் மலைமாட்டின் சாணத்தில் தட்டிய வறட்டி. அறை வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம், இரவு உணவையும் காலை உணவையும் அதே விடுதியில் உண்பீர்கள் என்ற எழுதப்படாத உடன்பாடு. வேறிடத்தில் போய்ச் சாப்பிடுவது அந்தக் குடும்பத்தின் வருமானத்தில் கைவைப்பதாகும். விடுதியை நடத்தும் பெண்களைத் திதி என்று அக்கா முறை வைத்து அழைப்பது அங்கே வழக்கம்.

உணவில் நமக்கு எந்தத் துன்பமும் இல்லை. தால் பாத் என்னும் சோறு, பருப்பு, காய்கறி, ஊறுகாய் கொண்ட தட்டு எல்லா விடுதிகளிலும் உண்டு. சோறும் பருப்பும் மறுபடி மறுபடி பரிமாறுவார்கள். உருளைக்கிழங்கு கும்பு மண்ணிலேயே விளைவது. நாம்சேக்கு மேல் இறைச்சியைத் தவிர்த்துவிடுங்கள்: கும்புவில் விலங்குகளைக் கொல்வதில்லை என்பதால், இறைச்சி கீழிருந்து பல நாள் சுமந்து வருகிறது. உயரத்தில் பசி மந்தமாகும். பிடிக்காவிட்டாலும் உண்ண வேண்டும். நாளுக்கு மூன்று லிட்டர் அளவுக்குத் தண்ணீர், சூப், தேநீர் குடியுங்கள். நெகிழிப் புட்டியில் தண்ணீர் வாங்கினால் அந்தப் புட்டி அந்தப் பள்ளத்தாக்கிலேயே கிடக்கும். கொதிக்கவைத்த நீரை உங்கள் குடுவையில் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது குழாய் நீரில் மாத்திரை போடுங்கள். கொதிநீர், மின்னேற்றம், குளியல், இணையம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு. நாம்சேக்கு மேல் தலைக்குக் குளிக்காமல் இருப்பது நல்லது. ஈரத்தலையோடு குளிரில் உறங்கி வரவழைத்துக்கொள்ளும் சளி, அங்கே எளிதில் போகாது.

பாதை

லுக்லாவிலிருந்து பாக்டிங் வரை மூன்று நான்கு மணி நேரம், பெரும்பாலும் இறக்கம். முதல் நாள் இறங்கிய அந்த உயரத்தைக் கடைசி நாள் ஏற வேண்டியிருக்கும். வழியெங்கும் பௌத்த மந்திரம் செதுக்கிய, மணி எனப்படும் கற்களும் சுவர்களும் வரும். அவை உங்கள் வலப்பக்கம் இருக்குமாறு, நம் கோயில் பிரகாரத்தை வலம்வரும் அதே திசையில் கடக்க வேண்டும். மணியோசையுடன் சுமை விலங்குகள் வந்தால், பள்ளத்தின் ஓரத்தில் நிற்காமல் மலையை ஒட்டிய பக்கம் ஒதுங்குங்கள். தொங்குபாலத்தில் அவை ஏறிவிட்டால், முழுவதும் கடந்து வரும்வரை காத்திருங்கள். இந்த ஒன்றை மறந்து விளிம்பில் நின்றவர்கள் தள்ளிவிடப்பட்டு விழுந்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் தூத்கோசி ஆற்றைப் பலமுறை கடந்து, மோஞ்ஜோவில் பூங்காவுக்குள் நுழைந்து, உயரமான ஹிலாரி பாலத்தைத் தாண்டியதும் நாம்சே ஏற்றம் தொடங்கும். இடைவெளியின்றி 600 மீட்டர். இங்கே நடையின் வேகத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும்: அருகில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். மூச்சு முட்டி நிற்பதும், பின்பு விரைந்து ஏறுவதுமாகப் போகிறவர்கள் மாலையில் தலைவலியோடு படுக்கிறார்கள்.

நாம்சேயின் ஓய்வுநாளில் படுத்திருக்காதீர்கள். 3,880 மீட்டரிலுள்ள எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை ஏறினால் எவரெஸ்ட், லோட்சே, அமா தப்லாம் மூன்றும் ஒரே பார்வையில் வரும். அப்படியே கும்ஜுங் ஊருக்கு இறங்கி, எட்மண்ட் ஹிலாரி 1961இல் கட்டித்தந்த பள்ளியைப் பார்த்துவிட்டு நாம்சேக்குத் திரும்பி உறங்கலாம். ஹிலாரியும் டென்சிங் நோர்கேயும் 1953இல் சிகரம் தொட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அதன்பின் ஹிலாரி பல பத்தாண்டுகள் இந்த ஊர்களில் பள்ளியும் மருத்துவமனையும் கட்டியதையும் தெரிந்துகொண்டு நடப்பவருக்குக் கும்பு வேறாகத் தெரியும்.

தெங்போச்சேக்குச் செல்லும் நாளில் ஆற்றங்கரை வரை இறங்கி, மீண்டும் 600 மீட்டர் ஏற வேண்டும். மேலே இருக்கும் மடாலயம் 1916இல் தோன்றியது. 1934 நிலநடுக்கத்தில் இடிந்தது, 1989இல் தீயில் எரிந்தது, ஒவ்வொரு முறையும் மீண்டும் எழுந்தது. மாலை வழிபாட்டின்போது ஓரமாக அமர அனுமதிப்பார்கள். காலணியை வெளியே விட்டு, தொப்பியைக் கழற்றி, படம் எடுக்காமல் அமருங்கள். மறுநாள் காட்டு வழியாகப் பாங்போச்சேக்குச் சில மணி நேரமே ஆகும். அதைத் தாண்டியதும் மரங்கள் முடிந்துவிடுகின்றன. திங்போச்சேயில் கல்மதில் சூழ்ந்த பார்லி, உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே விடுதிகள் இருக்கின்றன. இரண்டாவது நாளில் ஊருக்கு மேலுள்ள நாங்கர்ட்சாங் முகட்டில் முடிந்தவரை ஏறி இறங்குங்கள். பாதி வழி ஏறினாலும் பயன் உண்டு.

துக்லாவுக்கு மேலே ஒரு கல்லேற்றம். அதன் உச்சியில், எவரெஸ்ட்டிலும் சுற்றியுள்ள சிகரங்களிலும் இறந்தவர்களின் நினைவுக் கற்குவியல்கள் காற்றில் படபடக்கும் வழிபாட்டுக் கொடிகளுக்கு இடையே நிற்கின்றன. இறந்தவர்களில் ஷெர்பாக்கள் பலர். அங்கே சற்று நின்று பெயர்களைப் படித்துவிட்டுப் போங்கள்.

லோபுச்சேயிலிருந்து கோரக்ஷெப் வரை மூன்று மணி நேரம், பனியாறு கொண்டுவந்து குவித்த கற்களின் மேல் நடை. பையை விடுதியில் வைத்துவிட்டு, அன்று பகலிலேயே அடிவார முகாமுக்குச் சென்று திரும்பலாம். போகவர நான்கு ஐந்து மணி நேரம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: அடிவார முகாமிலிருந்து எவரெஸ்ட்டின் உச்சி தெரியாது, மற்ற முகடுகள் மறைத்துக்கொள்ளும். பனியாறு செங்குத்தாகச் சரிந்து உடையும் கும்பு பனியருவியின் பெரும் உடைப்புகளை மட்டுமே அங்கிருந்து அருகில் காணலாம். உச்சியைப் பார்க்க, மறுநாள் விடியலில் காலா பத்தர் முகட்டில் 5,545 மீட்டர் வரை ஏற வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் உடலில் வலு இருக்கிறது என்றால், காலா பத்தரைத் தேர்ந்தெடுங்கள். 8,848.86 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தை உச்சியோடு காட்டுவது அதுதான்.

உயர நோயை அறிதல்

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, அளவுகடந்த சோர்வு, தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை உயர நோய் என்றே கொள்ள வேண்டும். வெயில்தான், சாப்பாடுதான் என்று சொல்லிச் சமாதானம் அடையாதீர்கள். அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. அதே இடத்தில் தங்குங்கள். ஓர் இரவில் குறையவில்லை என்றாலோ கூடினாலோ இறங்குங்கள்.

இரண்டு நிலைகள் உயிரைப் பறிப்பவை. மூளையில் நீர்கோத்தால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், ஆள் குழம்பிப்போவார். ஒரு நேர்க்கோட்டில் குதிகாலும் பெருவிரலும் தொடுமாறு அடிவைத்து நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் மூளையில் நீர்கோத்ததாகவே கொள்ளுங்கள். நுரையீரலில் நீர்கோத்தால் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும், இருமல் வரும், உதடு நீலம் பூக்கும், முற்றினால் சளியில் இரத்தம் கலந்த நுரை தெரியும். இவ்விரண்டுக்கும் மருந்து இறங்குவதே; இரவானாலும் காத்திருக்காமல், துணையோடு, முடிந்த அளவு கீழே இறக்கிவிட வேண்டும். ஆக்சிஜனும் டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின் போன்ற மருந்துகளும் இறங்கும்வரை காலம் வாங்கித் தருபவை மட்டுமே. ஒருவரையும் தனியாகக் கீழே அனுப்பாதீர்கள்.

அசிட்டசோலமைடு என்னும் மாத்திரையை, பலர் டயமாக்ஸ் என்ற பெயரில் அறிவார்கள். அது மூச்சைத் தூண்டி, உடல் பழகுவதை விரைவுபடுத்துகிறது. தடுப்புக்காக வழக்கமாகத் தரும் அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏற்றத்துக்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனிகள் கூச்சமெடுப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும் அதன் இயல்பான விளைவுகள். சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்; யாரானாலும் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மாத்திரை இருக்கிறது என்று ஓய்வு இரவுகளைக் குறைத்தால், அதனால் கிடைத்த பயன் போய்விடும். தூக்க மாத்திரையும் மதுவும் உறக்கத்தில் மூச்சைத் தணித்துவிடுவதால் ஏறும் நாள்களில் இரண்டும் கூடாது. இரவில் மூச்சு சில நொடிகள் நின்று, பெருமூச்சோடு மீண்டும் தொடங்குவது அந்த உயரத்தில் பலருக்கும் நேர்வது. திடுக்கிட்டு விழித்தாலும் அஞ்ச வேண்டாம்.

பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் சிறு மருத்துவமனை 1973 முதல் இருக்கிறது. வசந்தத்திலும் இலையுதிர் பருவத்திலும் மருத்துவர்கள் அங்கே இருப்பார்கள். பருவத்தில் அவர்கள் உயர நோய் பற்றி நடையாளர்களுக்குப் பிற்பகலில் விளக்கம் தருவது வழக்கம். திங்போச்சேயில் தங்கும் ஓய்வுநாளில், உடல்நலம் அனுமதித்தால், முகடு தாண்டி அங்கே சென்று கேட்டுவிட்டு வாருங்கள். இந்தக் கட்டுரையைவிட அந்தப் பேச்சு பயனுள்ளது.

இறக்கம்

காலா பத்தரிலிருந்து கோரக்ஷெப் வந்து காலை உணவு உண்டபின் அன்றே பெரிச்சே வரை இறங்கிவிடலாம். மூச்சு எளிதாவதை ஒவ்வொரு மணி நேரமும் உணர்வீர்கள். அந்த உற்சாகத்தில் ஓடுகிறவர்களே கணுக்காலைப் பிசகவைத்துக்கொள்கிறார்கள். கோல்களைச் சற்று நீளமாக்கி, சிறிய அடிகளாக வையுங்கள். லுக்லாவை அடைந்த மாலையிலேயே விடுதிக்காரரிடம் விமானச்சீட்டைக் கொடுத்து மறுநாள் இருக்கையை உறுதிசெய்துகொள்ளுங்கள். வழிகாட்டிக்கும் சுமைதூக்குபவருக்கும் தர வேண்டிய அன்பளிப்பை அன்றிரவே, அவரவர் கையில் தனித்தனியாகக் கொடுத்துவிடுங்கள். சுமைதூக்குபவர்களில் பலர் விமானத்துக்குக் காத்திராமல் விடியும் முன்பே அடுத்த வேலைக்கோ ஊருக்கோ நடந்து புறப்பட்டுவிடுவார்கள்.